பித்றா அரிசி வந்த வீடு

எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளைக்கு வீடு கிடையாது. பிறந்த வீடு உம்மாவுடையது, வாழப்போகிற வீடு பொண்டாட்டியுடையது. நடுவில் நாங்கள் கூரைக் காற்றாடி மாதிரி யாருடைய வீட்டிலோ சுற்றிக்கொண்டிருப்போம். கலியாணத்தன்று மாப்பிள்ளை பெண் வீட்டுப் படியில் ஏறினால் அதற்குப் பிறகு அதுதான் அவனுடைய விலாசம். அந்த வீட்டில் ஒரு பெண்பிள்ளை பிறந்து வளர்ந்து கலியாண வயதுக் குமராகிவிட்டால் வீட்டை அவள் பேருக்கு எழுதவேண்டும். தாயும் தகப்பனும் பின்வளவில் இருக்கும் சமையல் குசினியைப் பெருப்பித்துக்கொண்டு ஒதுங்குவார்கள். இதுதான் ஊர் முறை. நான் எழுதப்போவது, என்னுடையதல்லாத ஒரு வீட்டை நான் கடனில் போட்ட கதையும் மீட்ட கதையும்.

சுனாமியில் கடல் வந்த அன்று அந்த வீட்டின் சுவர்கள் பாதி நின்றன. கூரை நிற்கவில்லை. மனைவியின் தங்கச்சி பக்கத்து ஒழுங்கையில் இருந்தாள். அவளைக் கடல் கொண்டுபோனது. அதைப் பற்றி நான் பகிடியாக எழுதமாட்டேன். மற்ற எல்லாவற்றையும் எழுதலாம் என்று மனைவியிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன்.

பிறகு வாகனங்கள் வந்தன. வெளிநாட்டு மனிதர்கள் சுவரைத் தட்டிப் பார்த்தார்கள், படம் பிடித்தார்கள், எங்களைச் சுவருக்கு முன்னால் நிறுத்தியும் படம் பிடித்தார்கள். எங்களுக்குக் கிடைத்தவை ஒரு கூடாரமும், மூன்று நிறத்தில் வாளிகளும், பனி கொட்டுகிற நாட்டில் போடும் கம்பளிக் குல்லாக்களும். கல்முனை வெயிலில் அந்தக் குல்லாவால் பயனடைந்த ஒரே ஜீவன் எங்கள் ஆடு. அது தின்றது.

வீடு கட்ட உதவி என்று வந்தபோது, முழுக்க உடைந்ததா, பாதி உடைந்ததா என்று ஒரு கேள்வி வந்தது. சுவர் நின்றபடியால் பாதி என்றார்கள். விழாமல் நின்ற சுவர் செய்த துரோகம் அது. பாதி உடைந்த வீட்டுக்குப் பாதிக்கும் குறைந்த காசு, அதுவும் தவணை தவணையாக. இரண்டு தவணையில் சுவர் யன்னல் மட்டத்துக்கு எழும்பியது. மூன்றாவது தவணைக்காக நான் போனபோது அந்த அலுவலகம் இருந்த கட்டடத்தில் றொட்டிக்கடை நடந்துகொண்டிருந்தது. நடந்த களைப்புக்கு ஒரு றொட்டி தின்றுவிட்டுத் திரும்பினேன். மூன்றாம் தவணை அதுதான்.

சந்தையில் எனக்கு ஒரு சின்னப் பிடவைக்கடை. மருதமுனைத் தறியில் நெய்கிற சாரனும் சாறியும் எடுத்து விற்பேன். அந்த வருமானத்தில் கூரை போட ஏலாது. மாரி வரப்போகிறது, கூடாரம் கிழிந்துவிட்டது, மகளுக்குப் பதின்மூன்று வயது. வங்கிக்குப் போவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. வட்டி ஹறாம் என்று எனக்குத் தெரியும். நான் படித்தது எட்டாம் வகுப்பு மட்டும்தான், ஆனால் இதைத் தெரிந்துகொள்ள எட்டாம் வகுப்பே அதிகம். மௌலவியிடம் போய்க் கேட்டேன். அவர் நெடுநேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

“நிர்ப்பந்தம் எண்டா கொஞ்சம் இடமிரிக்கி காக்கா. பசியில சாகப்போறவன் செத்ததையும் தின்னலாம். ஆனா ருசிச்சுத் தின்னப்படாது. இன்னொரு அகப்பை போடுங்கண்டு கேக்கவும்படாது.”

வீட்டின் உறுதிப் பத்திரம் மனைவியின் பேரில் இருந்தது. கடல் நனைக்காத ஒரே கடதாசி அது, சம்மாந்துறையில் அவளுடைய காக்கா, அதாவது அண்ணன், வீட்டில் கிடந்தபடியால். அதை வங்கியில் ஈடு வைக்க அவள்தான் கையெழுத்துப் போடவேண்டும். மனேஜர் நல்ல மனிதர். பதினைந்து வருடத்தில் ஆறுதலாகக் கட்டலாம் என்று சிரித்துக்கொண்டு சொன்னார். மனைவி பேனையைக் கீழே வைத்துவிட்டாள்.

“பதினைஞ்சு வருசம் ஹறாத்துக்குள்ள இரிக்கிறதா? ஏலா. மகள்ட நிக்காஹ்வுக்கு முன்ன உறுதி என்ட கையில வரணும். அப்பிடி எண்டாத்தான் கையெழுத்து.”

“வரும்” என்றேன்.

“அல்லாஹ்வ சாட்சியா வெச்சுச் செல்லுங்க.”

மனேஜர் மேசையிலிருந்த கல்குலேட்டரைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் அல்லாஹ்வைச் சாட்சியாக வைத்துச் சொன்னேன். அன்று தொடங்கியதுதான் எங்கள் வீட்டுப் பஞ்சம்.

சிக்கனத்துக்கு முதலில் மீனைப் பிடித்தோம். காலைச் சந்தையில் மீன் வாங்குகிறவன் முட்டாள் என்று மனைவி தீர்ப்புச் சொன்னாள். அந்திக்கு மீன்காரன் வீட்டுக்குப் போக அவசரப்படுவான், அப்போது அவன் கேட்கிறதல்ல விலை, நாங்கள் சொல்கிறதுதான். அப்படி வந்த சூடை மீன்கள் எங்களைக் கோபமாகப் பார்க்கும். தேங்காய் ஒன்றைப் பிழிந்து, பிழிந்ததைப் பிழிந்து, கடைசியில் வந்த தண்ணீருக்கும் பால் என்று பேர் வைத்தோம். பால் இல்லாத பிளேன்ரீயில் சீனி போடும் வழக்கமும் நின்றது. உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்து நாக்கால் தொட்டுக்கொண்டு குடிப்பது. இதில் ஒரு வசதி இருக்கிறது, ஒரு கையில் கோப்பையும் மறு கையில் சீனியும் இருக்கிறவன் எதற்கும் காசு எடுத்து நீட்ட ஏலாது.

கடலில் நனைந்து செத்த, இனிக் குளிராத பிறிச் ஒன்று எங்களிடம் இருந்தது. அதைத் துடைத்து உடுப்பு வைக்கும் அலுமாரியாக்கினோம். இரவில் வீட்டில் ஒரேயொரு குமிழ் எரியும். மகள் படிப்பதும், மனைவி அரிசி புடைப்பதும், நான் குர்ஆன் ஓதுவதும் அதன் கீழேதான். குடும்ப ஒற்றுமைக்கு இதைவிட நல்ல வழியை நான் கண்டதில்லை. ஒருவருக்கொருவர் கோபித்துக்கொண்டு போக வேறு வெளிச்சம் இல்லையே. கடைக்கு மோட்டர் சைக்கிளில் போவதை விட்டு நடந்தேன். டெலிபோனில் கதைப்பதை நிறுத்தினோம். மணி ஒரு தரம் அடித்து நின்றால் பாண் வாங்கிவர வேண்டும், இரண்டு தரம் அடித்து நின்றால் பாண் வேண்டாம். ஒருநாள் யாரோ தவறிப்போய் எங்கள் இலக்கத்தை விட்டு விட்டு மூன்று தரம் அழுத்தியதில் நான் மூன்று பாணோடு வீட்டுக்குப் போனேன். அந்தப் பாணை நாங்கள் மூன்று நாள் தின்றோம்.

பிடவைக்கடைக்காரனின் பொண்டாட்டிக்கும் பிள்ளைக்கும் பெருநாள் உடுப்பு இல்லை என்றால் நம்புவீர்களா? கடையில் இருக்கிற துணி விற்கிறதுக்கு, உடுக்கிறதுக்கல்ல என்று நான் சட்டம் போட்டிருந்தேன். மனைவி வாய் காட்டவில்லை. “ஓம் ஓம், டொக்டர்ட பொண்டாட்டிக்கும் மருந்தில்லத்தானே” என்று மட்டும் சொன்னாள். சட்டம் எனக்கும் பொருந்தும் என்பதைக் காட்ட நான் ஒட்டுப்போட்ட சாரனை உடுத்திக்கொண்டு பள்ளிக்குப் போனேன். ஒட்டு பின்பக்கத்தில். நின்று தொழும்போது யாருக்கும் தெரியாது. நெற்றியைத் தரையில் வைக்கச் சுஜூதுக்குப் போனால் பின்வரிசையில் இருக்கிறவருக்கு அதைத் தவிர வேறொன்றும் தெரியாது. அந்த வரிசையில், ஏழைகளுக்குப் பங்கு பிரிக்கிற எங்கள் பள்ளி மரைக்கார் தொழுவார் என்பதை நான் யோசிக்கவில்லை.

மிச்சம் பிடித்த ஒவ்வொரு சதமும் மாதக் கட்டுக்காசுக்கு மேலதிகமாக வங்கிக்குப் போனது. மனேஜரின் சிரிப்பு ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் குறைந்தது.

இப்படியே சில வருடங்கள் போய், யுத்தமும் முடிந்தது. சந்தையில் வெடி கொளுத்தினார்கள். சிலர் பாற்சோறு கொடுத்தார்கள். சிலர் கடையைப் பூட்டிவிட்டு ஒன்றும் கதைக்காமல் வீட்டுக்குப் போனார்கள். பிறகு எல்லாருக்கும் சமமாக வங்கிகள் வந்தன. பிரதான வீதியில் கண்ணாடி போட்ட கட்டடங்கள், வாசலில் பலூன், கழுத்துப்பட்டி கட்டிய பொடியன்மார் கடை கடையாக வந்து கடன் வேண்டுமா என்று கெஞ்சினார்கள். முப்பது வருடம் எங்களை ஒருவரும் இப்படித் தேடி வந்ததில்லை. தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் வந்து கடலைப் பார்த்துவிட்டு மருதமுனைச் சாரனும் வாங்கிப் போனது. அந்தக் காசும் நேராக ஈட்டுக்குத்தான் போனது.

அந்த வருடம்தான் மகளுக்குச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை சாய்ந்தமருது, நீர்ப்பாசனக் கந்தோரில் கிளாக்கர். அரசாங்க உத்தியோகம். தரகர் எங்கள் வீட்டைப் பற்றி அங்கே சொன்ன வசனம் எனக்குப் பிறகுதான் தெரியும்: “கல்லு வீடு, சுத்தமான உறுதி.” கல் வீடு உண்மை. உறுதி இன்னும் வங்கி இரும்புப் பெட்டிக்குள் சுத்தமாகத்தான் இருந்தது. இன்னும் கொஞ்ச மாதம் கிடைத்தால் முடித்துவிடலாம், அதற்கிடையில் அவர்கள் உறுதியைப் பார்க்கக் கேட்காவிட்டால் போதும் என்று நான் துஆக் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்படியும் ஒருவன் துஆக் கேட்பானா என்றால், கேட்டேன்.

சம்பந்தம் கதைத்தால் நோன்பு காலத்தில் ஒருவர் வீட்டில் ஒருவர் நோன்பு துறப்பது எங்கள் வழக்கம். தலைப்பிறை தெரியுமா தெரியாதா என்றிருந்த கடைசி நோன்பன்று மாப்பிள்ளையின் உம்மாவும் வாப்பாவும் வந்தார்கள். மனைவி அன்று எல்லாச் சட்டத்தையும் ரத்துச் செய்தாள். எல்லா அறையிலும் வெளிச்சம். உடுப்பு வைத்திருந்த பிறிச்சின் மேல் ஒரு பூச்சாடி. மேசையில் றோல்ஸ், சமோசா, வட்டலப்பம், பலூடா. அந்த மேசையைப் பார்த்தபோது எத்தனை மாத அந்தி மீன் அதில் இருக்கிறதென்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன்.

பாங்கு சொல்ல இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. மாப்பிள்ளையின் உம்மா கண்ணாலேயே வீட்டை அளந்துகொண்டிருந்தா. அந்த நேரம் பார்த்து வாசலில் ஓட்டோ ஒன்று வந்து நின்றது.

“காக்கா! பித்றா அரிசி! வந்து பிடிங்க!”

பெருநாளைக்கு ஒருவரும் பட்டினி கிடக்கக்கூடாதென்று, இருக்கிறவர்கள் தலைக்கு இவ்வளவு என்று அரிசி அளந்து கொடுக்க, பள்ளி அதை ஏழைகளுக்குப் பங்கிடும். அந்தப் பகல்தான் நான் எங்கள் மூன்று தலைக்கும் அளந்து அதே பள்ளியில் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். இப்போது இரண்டு பொடியன்மார் ஒரு மூடையைத் தூக்கிக்கொண்டு நேராக மண்டபத்துக்குள் வந்து, மாப்பிள்ளையின் வாப்பாவுடைய காலடியில் வைத்தார்கள்.

“எங்களுக்கில்ல தம்பி, ஊடு மாறி வந்திட்டீங்க” என்றேன்.

“மாறல்ல காக்கா. மரைக்கார் தெளிவாச் சென்னவர். வெக்கப்படாதீங்க, ஒங்கட பங்குதான்” என்று ஆறுதல் சொல்லிவிட்டு, மேசையில் இருந்த சாமான்களைக் கொஞ்சம் ஆச்சரியமாகப் பார்த்தபடி அவர்கள் போய்விட்டார்கள்.

நாங்கள் ஐந்து பேரும் மூடையைப் பார்த்தோம். மூடையும் எங்களைப் பார்த்தது.

மாப்பிள்ளையின் உம்மா கேட்டா: “என்ன மச்சி, ஒங்களுக்குப் பள்ளியால அரிசி வருதா?”

“அது வந்து, இந்தப் பொடியனுகள் எப்பவும் இப்பிடித்தான், ஊடு மாறி...” என்று நான் தொடங்கினேன்.

“நோன்போட பொய் செல்லாதீங்க” என்றாள் மனைவி. என்னைப் பார்க்காமல் அவவைப் பார்த்துச் சொன்னாள். “மச்சி, கடல் வந்த மறுகா இந்த ஊட்டக் கட்டுறதுக்கு உறுதிய பேங்கில வெச்சிரிக்கம். அத வேளைக்கு எடுக்கிறதுக்காக இவர் கிழிஞ்ச சாரனோட திரியிறார், நாங்க வெளிச்சம் போடாம இரிக்கம். அதப் பாத்திட்டுச் சனம் எங்கள ஏழையெண்டு நெனச்சிரிக்கி. உறுதி இன்னும் வரல்ல. தரகர் என்ன சென்னாரோ தெரியா. உண்மை இதுதான்.”

மகள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாப்பிள்ளையின் வாப்பா தொப்பியைச் சரிசெய்தார். இன்னொரு தரம் சரிசெய்தார். அல்லாஹ் இரக்கமானவன், பாங்கு சொல்லிற்று. பேரீச்சம்பழத்தை வாயில் வைத்தோம். அவ்வளவு அமைதியாக நோன்பு துறந்த கூட்டத்தை மக்காவின் ஹறம் ஷரீபில்கூட நான் கேள்விப்பட்டதில்லை. போகும்போது மாப்பிள்ளையின் வாப்பா, “பெருநாள் கழிய கதைப்பம்” என்றார். எங்கள் ஊரில் செத்த சம்பந்தத்துக்கு ஜனாஸாத் தொழுகை அந்த வசனம்தான்.

அவர்கள் போனபின் நான் மனைவியோடு கதைக்கவில்லை. அவள் என்னோடு கதைத்தாள்.

“முதல்ல அந்த மூடையக் கொண்டு போங்க. ஏழைட அரிசி நம்மட ஊட்டுல விடியப்படாது.”

தோளில் மூடையைச் சுமந்துகொண்டு மரைக்காரிடம் போனேன். அவர் அழுகிற மாதிரி என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஒங்கட சாரனப் பாத்து எத்தின நாள் தொழுகையில கவனம் போயிட்டுது காக்கா” என்றார். நான் ஏழையல்ல, கடன்காரன் மட்டும்தான் என்று விளக்கினேன். “கடன்காரனுக்கும் பங்கிரிக்கி, குர்ஆன்லயே இரிக்கி” என்று மூடையைத் திரும்ப என் தோளிலேயே வைத்துவிட்டார். கடைசியில் கடற்கரையில் இன்னும் தகரக் கொட்டிலில் இருந்த ஒரு விதவை வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். அவவும் என் சாரனைப் பார்த்துவிட்டு, “ஒங்களுக்கிரிக்கா வாப்பா?” என்று கேட்டுவிட்டுத்தான் வாங்கினா. பெருநாளன்று காலையில் நான் என் கடையிலிருந்து ஒரு புதுச் சாரனை எடுத்து உடுத்தேன். சட்டம் அன்றோடு செத்தது.

பெருநாள் கழிந்து ஒரு வாரம் ஒரு செய்தியும் இல்லை. மகள் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. மனைவி உண்மை சொன்னதற்காக ஒருதரமும் வருத்தப்படவில்லை, ஆனால் கறியில் உப்பு இரண்டு தரம் விழுந்தது.

பிறகொரு நாள் மாப்பிள்ளையின் வாப்பா கடைக்கு வந்தார். ஒரு சாரனை எடுத்து, விரித்து, வெளிச்சத்தில் பிடித்து, நூலை இழுத்துப் பார்த்து, அநியாயத்துக்குப் பேரம் பேசினார். இவர் சம்பந்தத்தை முறிக்க வந்தாரா, சாரன் வாங்க வந்தாரா என்று எனக்கு விளங்கவில்லை. காசைக் கொடுத்துவிட்டுத்தான் கதைத்தார்.

“உறுதிய எப்ப எடுப்பீங்க?”

“சித்திரைக்குள்ள. இன்ஷா அல்லாஹ்.”

“அப்ப சித்திரை கழிய நிக்காஹ்.” அவரே காரணமும் சொன்னார். “நாங்க இதுக்கு முதல் மூணு ஊடு பாத்தம். மூணு ஊட்டுட உறுதியும் ஏதோ ஒரு பேங்கிலதான் கிடக்கு. அதையெல்லாம் நாங்க ஆள் வெச்சு விசாரிச்சுக் கண்டுபுடிச்ச. ஒங்கட பொண்டாட்டி ஒராள்தான் தானாச் சென்ன. மகன்ட உம்மா, அந்த ஊட்டுல எடுத்தா எடுப்பம், இல்லாட்டி ஒருத்திக்கும் கட்டி வெக்கேலாண்டு நிக்கிறா.”

சாரனை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, “விலையில இன்னும் கொஞ்சம் குறைச்சிரிக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நடந்தே பழகிவிட்டபடியால் மோட்டர் சைக்கிளை விற்றேன். கடைச் சரக்கில் பாதியை வந்த விலைக்குத் தள்ளினேன். மிச்சக் கடன் முழுவதையும் எடுத்துக்கொண்டு நானும் மனைவியும் வங்கிக்குப் போனோம். மனேஜர் எங்களைக் கண்டதும் மையத்து விழுந்த வீட்டுக்காரர் மாதிரியானார்.

“இவ்வளவு அவசரம் என்னத்துக்கு? இன்னும் பத்து வருசம் இருக்குதே.”

“ஹறாம் எண்டபடியால” என்றாள் மனைவி.

அவர் ஒரு கடதாசியைத் திருப்பிக் காட்டினார். முன்கூட்டியே கடனை முடித்தால் தண்டம் கட்டவேண்டுமாம். களவெடுத்தவனுக்குத் தண்டம் கேள்விப்பட்டிருக்கிறேன். வாங்கியதை வேளைக்குத் திருப்பிக் கொடுத்தவனுக்கும் தண்டம் உண்டென்று அன்றுதான் படித்தேன். கட்டினேன். கட்டி முடிந்ததும் அவர் பிளேன்ரீ வரவழைத்து, உங்களைப் போல நாணயமானவர்களுக்கு இதைவிட இரண்டு மடங்கு கடன் உடனே தரலாம் என்றார். மனைவி பிளேன்ரீயை ஆறுதலாகக் குடித்து முடித்தாள். அதில் சீனி நிறைய இருந்தது. பிறகு, “உறுதியத் தாங்க” என்றாள்.

உறுதி அவள் கையில் ஒன்பது நாள் இருந்தது. பத்தாம் நாள் நொத்தாரிசிடம் போய் மகள் பேருக்கு எழுதிக் கொடுத்தாள். அவ்வளவு சூடையும் தின்றது இந்த ஒன்பது நாளுக்குத்தானா என்று நான் கேட்டேன். “ஒம்பது நாள் வட்டியில்லாத ஊட்டுல படுத்தம்தானே, காணாதா?” என்றாள். நிக்காஹ் நடந்தது. நாங்கள் பின்வளவில் தகரம் போட்ட குசினிக்கு மாறினோம். கடன் கட்டி முடித்த வீட்டுக்கு நாங்கள் விருந்தாளி. ஊர் முறை.

கலியாணமாகிச் சில மாதம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் மருமகன் எங்கள் குசினிப் பக்கம் வந்தார். நல்ல பிள்ளை, மரியாதையான பிள்ளை. கதிரையின் நுனியில் இருந்தார்.

“மாமா, மேல ரெண்டறை எடுத்தா என்ன? புதுசா வந்த பேங்கில உத்தியோகத்தருக்கு லேசாக் குடுக்காங்க. உறுதிய மட்டும் வெச்சாக் காணும்.”

மருமகனுக்கு மாட்டேன் என்று சொல்லுகிற மாமனார் எங்கள் பக்கத்தில் இன்னும் பிறக்கவில்லை. மனைவி அடுப்புக்குள் எதையோ தேடினாள். அப்போது வீட்டுக்குள்ளிருந்து மகளின் குரல் வந்தது.

“உறுதி யார்ட பேரில மச்சான்?”

“ஒங்கட பேரிலதான்.”

“அப்ப வாப்பாட்ட என்னத்துக்குக் கேக்கிறீங்க? என்னட்டக் கேளுங்க.”

மருமகன் என்னைப் பார்த்தார். நான் தென்னை மரத்தைப் பார்த்தேன்.

“சரி, ஒங்களிட்டக் கேக்கன். தாறீங்களா?”

“தரமாட்டன்.”

உள்ளே சோறு வடிக்கிற சத்தம் கேட்டது. மனைவி முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டாள். சிரிப்பில் அவளுடைய தோள் குலுங்கியது. அஸருக்குப் பாங்கு சொன்னதும் மருமகனும் நானும் ஒன்றாகப் பள்ளிக்கு நடந்தோம். நான் மனதுக்குள் அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொண்டு, முகத்தை மட்டும் அவருக்காகக் கவலையாக வைத்திருக்கப் பெரும்பாடு பட்டேன்.